நான் போட்ட ஏழு குறிகள்

மலைப் பள்ளிகளுக்கு இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் இசை ஆசிரியர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்டவர், "அறிவுரை வேண்டாம் டீச்சர், அனுபவம் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளிடம் வந்து அப்படிச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்காகவே ஒப்புக்கொண்டேன். நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்த காரியங்களை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றையெல்லாம் என் பிரிவுபசார விழாவிலேயே பேசி முடித்துவிட்டார்கள். அதில் பாதி பொய்.

நீங்கள் எல்லோரும் பயப்படுகிற பாடத்தில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க இசையமைப்பாளர்கள் என்கிற பாடம் அது. பாடத்திட்டத்தில் அதைப் பார்த்ததும் உங்கள் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். ஐரோப்பியப் பெரியவர்களைப் படித்து வளர்ந்த நமக்கு அந்த ஆட்கள் பிடிபடுவதில்லை. ஒருவர் பியானோக் கம்பிகளுக்கு நடுவில் திருகாணியைச் செருகி வாசிக்கச் சொல்வார். இன்னொருவர் நாலு சுரத்தை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் அதையே திரும்பத் திரும்பச் சுற்றுவார். இன்னொருவர் கோயில் பாட்டையும் கடைத்தெருப் பாட்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவார். இது இசைதானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாமே அதைத்தான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்போம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் இசை அறையில் இருந்தவர் ஒரு வயதான அம்மையார். பெயர் வேண்டாம், அவருக்கு விளம்பரம் பிடிக்காது. இந்தப் பாடத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "இவங்க எழுதுனது காதுக்குப் பிடிக்கலைன்னா உடனே தப்புன்னு சொல்லிடாத. ஒரு வாரம் கழிச்சுக் கேளு. அப்பவும் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. ஆனா தப்புன்னு சொல்லாத." நான் தலையை ஆட்டினேன். அந்த வயதில் யார் எது சொன்னாலும் தலையை ஆட்டுவேன்.

நான் சொல்லப்போகும் இசையமைப்பாளர் ஒரு பெண். அவர் பெயரையும் சொல்லமாட்டேன். சொன்னால் உடனே போனை எடுத்துத் தேடிக் கேட்டுவிட்டு, நான் கதையை முடிப்பதற்குள் நீங்கள் தீர்ப்புக்கு வந்துவிடுவீர்கள். அமெரிக்காவில் ஒரு சிறிய ஆலை நகரத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பியானோவுக்காகப் பத்து நிமிட உருப்படி ஒன்று எழுதியிருக்கிறார். வலது கை அமைதியாக ஒரு பக்திப் பாட்டை ஒரு சுருதியில் வாசிக்கும். இடது கை அதற்கு அரைச் சுரம் தள்ளி வேறொரு சுருதியில் ஊர்வல நடை போடும். இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே போகும்.

அந்த ஸ்கோர், அதாவது அச்சிட்ட இசைத்தாள், எங்கள் பள்ளியில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. நான் சேர்ந்த மூன்றாம் வருடம் எங்கள் நூலகர் இறந்துபோனார். நல்ல மனிதர், அந்த உருப்படியை விரும்பிக் கேட்பார். அவருக்கான அஞ்சலிக் கூட்டத்தில் அதை வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரிசையில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உட்காரப் போகிறார்கள். அந்த உருப்படியோ கடைசிவரை உரசிக்கொண்டே போய், உரசலிலேயே நின்றுவிடும். அழுதுகொண்டிருக்கும் மூன்று பேரை அந்தச் சத்தத்தோடு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பென்சிலை எடுத்தேன். கடைசி நான்கு தாளக் கட்டங்களில் இடது கையின் சுரங்களுக்கு முன்னால், சுரத்தை ஏற்றவும் இறக்கவும் செய்கிற ஏழு குறிகள் போட்டேன். அவ்வளவுதான், இடது கை வலது கையின் சுருதிக்கு வந்து சேர்ந்துவிட்டது. உருப்படி இதமாக முடிந்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு தடவைக்கு மட்டும் என்றுதான் செய்தேன். மறுநாள் அழித்துவிடலாம் என்று ஸ்கோரை அலமாரியில் வைத்தேன்.

அழிக்கவில்லை. மறந்துபோனேன். இந்த ஊர் ஈரத்தில் காகிதம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு இந்த மழைக்காலம் முடிவதற்குள் தெரிந்துவிடும். பியானோவுக்குள்ளேயே பல்பு எரியவிட்டு வைக்கிற ஊர் இது. பல வருடம் கழித்து அந்தப் பாடம் என் பொறுப்புக்கு முழுதாக வந்தபோது, ஸ்கோரில் பூஞ்சை ஏறியிருந்தது. பிள்ளைகள் கையில் கொடுத்தால் உதிர்ந்துவிடும் என்று பயந்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் பஜாரில் காசிம் பாய் கடையில் நகல் எடுக்கக் கொடுத்தேன். "தாள் மங்கிப் போயி கெடக்கு டீச்சர். கொஞ்சம் டார்க்கா போட்டிருக்கேன், நல்லா பளிச்சுன்னு தெரியும்" என்றார் அவர். நன்றாகத்தான் தெரிந்தது. அச்சும் பென்சிலும் ஒரே கறுப்பாகத் தெரிந்தன.

அந்த நகலை வைத்துப் பதினோரு வருடம் பாடம் நடத்தினேன். நடத்தினேன் என்றால் சும்மா இல்லை. கடைசி நான்கு கட்டங்கள்தான் இந்த உருப்படியின் இதயம் என்று சொன்னேன். இவ்வளவு நேரம் சண்டை போட்ட இரண்டு சுருதிகளும் இங்கே சமாதானம் ஆகின்றன, வாழ்க்கையில் இழப்புகளைச் சந்தித்த ஒரு பெண்ணால்தான் இப்படி எழுத முடியும் என்று சொல்லும்போது எனக்கே குரல் தழுதழுக்கும். "இறுதியில் சமாதானம் எவ்வாறு நிகழ்கிறது? விளக்குக" என்று வருடாவருடம் கேள்வித்தாளில் கேட்டேன். நன்றாக விளக்கியவர்களுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

இப்போது தமிழரசி வருகிறாள். பழனிக்காரி. அடிவாரத்தில் பக்தர்களுக்கு விபூதியும் பஞ்சாமிர்த டப்பாவும் விற்கும் கடை அவர்களுடையது. விடுதியில் தங்கிப் படித்து, பியானோ பிடித்துப்போய், எங்கள் பள்ளியிலேயே உதவி இசை ஆசிரியையாகச் சேர்ந்தாள். தற்காலிக வேலைதான். நான்கு வருடம் ஓடிவிட்டது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் நிர்வாகம் அவளைக் கூப்பிட்டு, ஜூனுக்குள் பியானோ வாசிப்பில் டிப்ளமா எடுத்தால் என் இடத்துக்கு நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டது. அவள் நேராக என் அறைக்கு வந்தாள்.

"பாஸாகலைன்னா ஊருக்குப் போயி கடையில உக்கார வேண்டியதுதான் டீச்சர். எங்கண்ணன் இப்பவே ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டான்" என்று சிரித்தாள். முப்பது வயதில், வாரம் முழுக்க நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு, சாயங்காலத்தில் மூன்று மணி நேரம் சாதகம் செய்வது சாமானியமில்லை.

தேர்வில் அவள் எடுத்துக்கொண்ட உருப்படிகளில் பெரியது இந்த அமெரிக்கப் பெண்மணியுடையது. ஏன் இது என்று கேட்டேன். "எங்க ஊருல உத்திரத்துக்கு வந்து பாருங்க டீச்சர். இந்தப் பக்கம் ஒரு ஊர்க் காவடி, அந்தப் பக்கம் இன்னொரு ஊர்க் காவடி. ரெண்டு மேளமும் கிரிவலப் பாதையில எதிரெதிரா வரும். ஒண்ணுக்கு ஒண்ணு சுதி சேராது. ஆனா யாரும் நிறுத்த மாட்டாங்க. நடுவுல நின்னா காது ரெண்டும் ரெண்டு பக்கம் இழுக்கும். எனக்குச் சின்ன வயசுல அந்த இடத்துல நிக்கத்தான் பிடிக்கும்" என்றாள். நான் பதினோரு வருடம் சொல்லித் தந்ததைவிட அது நல்ல விளக்கம். அப்போதே நான் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும்.

சாதகம் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் கடைசிப் பக்கத்தில் கையை எடுத்துவிட்டு, "இந்த இடம் மட்டும் ஏன் டீச்சர் திடீர்னு இம்புட்டு சமத்தா ஆயிருது?" என்று கேட்டாள். சமாதானம், இழப்பு என்று என் பழைய பல்லவியை ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்ல டீச்சர், நேத்து போன்ல தேடிக் கேட்டேன். அமெரிக்காவுல ஒரு பொண்ணு வாசிச்சிருக்கு. அதுல கடைசி வரைக்கும் சேரவே இல்ல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று இன்றைக்கு யோசித்தால், அவள் கேள்வி தப்பு என்பதால் இல்லை. நான் குரல் தழுதழுக்கச் சொல்கிற இடத்தில் அவள் கை வைத்துவிட்டாள். "கண்டவளும் வாசிச்சு ஏத்தி விடுவா. உன் முன்னால அச்சடிச்ச தாள் இருக்கு. உனக்கு அது பெருசா, போன் பெருசா? எழுதுனவங்களைவிட நீ பெரிய ஆளா?" என்றேன். அவள் முகம் சிவந்தது. "இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலில் இருந்து வாசித்தாள். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

இந்தத் தேர்வில் வாசிப்பவர், தான் வாசிக்கும் உருப்படிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். தேர்வாளர் அதைப் படித்துவிட்டு வந்து, வாசிப்பு முடிந்ததும் அதிலிருந்து கேள்வி கேட்பார். தமிழரசி எழுதிய கட்டுரையை நான்தான் திருத்தினேன். கடைசிப் பத்தியில் என் சமாதானம் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அது ஏப்ரலில் போய்விட்டது.

தேர்வு எங்கள் பள்ளி அரங்கிலேயே, மதியம் இரண்டு மணிக்கு. தமிழரசி அம்மாவிடம் ஆசி வாங்கிவருகிறேன் என்று முந்தின நாள் பழனிக்குப் போயிருந்தாள். முதல் பஸ்ஸில் ஏறினால் ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடலாம். பக்கம் திருப்பிவிட ஒருவர் மேடையில் உட்காரலாம் என்று விதி இருந்ததால், நானே உட்கார்வதாக ஏற்பாடு. காலை ஒன்பது மணிக்கு விதிமுறைத் தாளை இன்னொரு தடவை படித்தேன். தேர்வில் நகல் தாள்கள் கூடாது, அசல் ஸ்கோர் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இதை முன்பே பார்த்தவள்தான். அசல்தான் அலமாரியில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அலமாரியைத் திறந்து, நாப்தலின் வாசனையோடு ஸ்கோரை எடுத்து, பூஞ்சையைத் துடைத்து, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தேன். கடைசிப் பக்கம் வந்தது. ஏழு குறிகளும் சாம்பல் நிறத்தில் இருந்தன. மற்றதெல்லாம் கறுப்பு. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? சுரத்தை இயல்புக்குத் திருப்பும் நேச்சுரல் குறியின் வாலைக் கொஞ்சம் நீட்டிப் போடுவது என் பழக்கம். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அந்த அஞ்சலிக் கூட்டம், நூலகரின் மனைவி, பென்சில் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. பதினோரு வருடம் எந்தச் சமாதானத்தை நான் பாடம் நடத்தினேனோ, அதை எழுதியது நான். அந்தப் பெண்மணிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வெட்கப்படுவதற்கு நேரம் இல்லை. அரை மணியில் அவள் வந்துவிடுவாள். சிக்கலைப் பாருங்கள். அவள் விரல்களுக்குப் பழகியது என் குறிகள். அப்படியே வாசித்தால் ஸ்கோருக்கு மாறாக வாசித்ததாகும், அதுவும் முடிவில். ஸ்கோரில் உள்ளபடி வாசித்தால் அவள் எழுதி அனுப்பிய கட்டுரைக்கே மாறாக வாசித்ததாகும். எப்படிப் போனாலும் முட்டுச்சந்து. ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டால் அவள் நிம்மதியாக வாசிப்பாள், தேர்வாளர் பென்சிலைப் பார்த்து ஏதோ பதிப்புத் திருத்தம் என்று நினைத்துக்கொள்ளலாம். நினைக்காமலும் போகலாம். இன்னொரு யோசனையும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேசையில் கறுப்பு மைப் பேனா இருந்தது. பென்சில் மேல் ஒரு தடவை ஓட்டினால் அச்சுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பேனாவை எடுத்து மூடியைக்கூடக் கழற்றினேன். பிறகு மூடிவிட்டேன். நல்லவள் என்பதால் இல்லை. தேர்வாளரிடம் வேறு பிரதி இருந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் மூடினேன்.

தமிழரசி வந்தபோது பத்து மணி. வடகவுஞ்சி தாண்டிக் காட்டெருமை ரோட்டில் நின்று பஸ்ஸை நிறுத்திவிட்டதாம். நெற்றி நிறைய விபூதி. "வெரசா ஒரு தடவை வாசிச்சுப் பாத்துறேன் டீச்சர்" என்று பியானோவைத் திறந்தாள். நான் ஸ்கோரை அவள் முன்னால் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நடந்ததைச் சொன்னேன். பூசி மெழுகவில்லை. என் பென்சில், என் மறதி, என் பாடம், என் திமிர் என்று நாலையும் சொன்னேன்.

அவள் ஸ்கோரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "நான் கேட்டேன்ல டீச்சர்?"

"கேட்ட."

"நான் கேட்டப்பவே இதை எடுத்துப் பாத்திருக்கலாம்ல? அலமாரி இந்தா கெடக்கு. நாலு எட்டு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம். "என் பொழப்பு டீச்சர் இது. நாலு வருசம்" என்றாள். அதற்கு மேல் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். பனி உள்ளே வந்தது.

நான் என் ஏற்பாட்டைச் சொன்னேன். தேர்வு தொடங்குவதற்கு முன்னால் தேர்வாளரைப் பார்த்து, தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன். எழுதியும் கொடுக்கிறேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "வாசிக்கிறவங்களோட டீச்சர் தேர்வாளர்கிட்டப் பேசுனா தேர்வே செல்லாது. நீங்கதான் எனக்கு அந்த விதியைப் படிச்சுக் காட்டுனீங்க. மறந்துருச்சா?" என்றாள். மறந்துதான் போயிருந்தது. பதற்றத்தில் நாம் செய்ய நினைக்கிற தியாகங்களுக்கு விதிமுறை ஞாபகம் இருப்பதில்லை.

அவள் வந்து உட்கார்ந்தாள். அழிப்பானைக் கேட்டாள். கொடுத்தேன். ஏழு குறிகளையும் அவளே அழித்தாள், தாள் கிழிந்துவிடாமல், மெதுவாக. பிறகு கடைசி நான்கு கட்டங்களை, அச்சில் உள்ளபடி, இடது கையை மட்டும் பல தடவை வாசித்தாள். பிறகு இரண்டு கையும் சேர்த்து. உரசியது. நின்றது. மறுபடி வாசித்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அதற்குள் வேறு ஒன்றும் வந்து சேர்ந்தது. "இதான் டீச்சர். ரெண்டும் சேராமலே போகுது. யாரும் நிறுத்தல, அம்புட்டுத்தான்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அந்த இசை அவ்வளவு நன்றாக இருந்தது. பதினோரு வருடமாக அதை நான் யாருக்கும் கேட்கக் கொடுக்கவில்லை.

"அப்ப கட்டுரை?" என்றேன்.

"கேட்டா நான் பேசிக்கறேன். நீங்க பக்கத்தைத் திருப்புங்க, போதும். உள்ள வாயத் திறக்கக் கூடாது டீச்சர். சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தேன்.

இரண்டு மணிக்குத் தேர்வாளர் வந்தார். வெளி மாநிலத்துக்காரர், ஒல்லியான மனிதர், குளிருக்கு மப்ளர் சுற்றியிருந்தார். உள்ளே பேச்செல்லாம் ஆங்கிலத்தில். தமிழரசி மற்ற உருப்படிகளைச் சுத்தமாக வாசித்தாள். கடைசியாக இது. நான் பக்கங்களைத் திருப்பினேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பும்போது விரல் ஒட்டிக்கொண்டு ஒரு கணம் தாமதித்தேன். அவள் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. நாலு மணி நேரத்தில் மனதில் ஏற்றிவைத்திருந்தாள். உரசலோடு முடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தேர்வாளர் அவள் கட்டுரையை எடுத்தார். கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். இங்கே இரண்டு சுருதிகளும் சமாதானம் ஆகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் வாசித்ததில் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்றார். ஸ்கோரில் உள்ளபடிதான் வாசித்தேன், கட்டுரைதான் தப்பு என்றாள் தமிழரசி. எப்படித் தப்பு வந்தது என்று கேட்டார். திருத்தம் செய்யப்பட்ட ஒரு நகலைப் பார்த்து எழுதினேன், அசலைப் பார்க்கவில்லை என்றாள். தேர்வாளர் விடவில்லை. வாசிக்கும்போது காதுக்குச் சந்தேகம் வரவில்லையா என்றார்.

"வந்தது" என்றாள். "ஒரு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை. அது என் தப்பு."

அவர் தலையை அசைத்து ஏதோ எழுதத் தொடங்கினார். அவள் ஏன் இரண்டாவது தடவை கேட்கவில்லை என்பது அந்த அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். "அவள் கேட்டாள். நான்தான் அவளை வாயடைக்க வைத்தேன். அந்தத் திருத்தம் என்னுடையது" என்றேன்.

தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தமிழரசி என்னைப் பார்க்கவில்லை, பியானோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் திருப்புபவர் பேசக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். அவர் தான் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு, அவள் தன் பதிலை முடித்த பிறகுதான் நீங்கள் பேசினீர்கள், அவள் பதிலுக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறேன், நீங்கள் பேசியதை நான் கேட்கவில்லை, தயவுசெய்து வெளியே போங்கள் என்றார். வெளியே போனேன்.

அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து அவள் வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை, இரண்டு படி தள்ளி நின்றாள்.

"ஏன் டீச்சர் பேசுனீங்க?"

"உன் மேல பழி விழறதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியல தமிழு."

"பழி என்ன டீச்சர் பழி? நான் பதில் சொல்லியாச்சு. அவரு எழுத ஆரம்பிச்சுட்டாரு. முடிஞ்சு போச்சு. நீங்க உங்க மனசு ஆறணும்னு பேசுனீங்க. அந்த ஆளு விதிப்படி நடந்திருந்தா நான் இந்நேரம் பழனி பஸ்ஸுல இருப்பேன்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. அன்று காலையில் இருந்து என் தப்பு என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறதி, திமிர், அலட்சியம் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தேன். அந்தப் படிக்கட்டில்தான் உண்மையில் தெரிந்தது. அழுகிறவர்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று யாரையும் கேட்காமல் இன்னொருத்தியின் முடிவில் கை வைத்தேன். முப்பது வருடம் கழித்து, நல்லதுதானே என்று, சத்தியத்தையும் மீறி, இன்னொருத்தியின் முடிவில் மறுபடி கை வைத்தேன். இரண்டு தடவையும் எனக்கு மனம் கேட்கவில்லை என்பதுதான் காரணம். இரண்டு தடவையும் யாருடைய உழைப்பு அது என்று நான் யோசிக்கவில்லை.

முடிவு வர ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்று சொன்னால் பொய். அந்த நாட்களில், என்னிடம் அந்தப் பாடம் படித்த பதினோரு வருடத்துப் பிள்ளைகளில் முகவரி கிடைத்தவர்களுக்கெல்லாம் எழுதினேன். அந்தச் சமாதானம் நான் போட்டது, அதற்காக நீங்கள் வாங்கிய பத்து மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அசலைத் தேடிக் கேளுங்கள் என்று எழுதினேன். சிலர் பதில் போட்டார்கள். பலர் போடவில்லை.

தமிழரசி தேறிவிட்டாள். கட்டுரையில் நிறையப் போய்விட்டது, வாசிப்பும் வாய்மொழிப் பதிலும் அவளைத் தூக்கிவிட்டன. நிரந்தர உத்தரவு வந்த அன்று பள்ளியில் எல்லோருக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்தாள். என் அறைக்கும் கொண்டுவந்தாள். ஒரு கரண்டி கையில் வைத்துவிட்டு நின்றாள்.

"இன்னும் கோபமா?" என்று கேட்டேன். இந்த வயதில் இதைக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"இருக்கு டீச்சர்" என்றாள். "போயிரும்னுதான் நினைக்கேன். ஆனா இப்ப இருக்கு." பிறகு கதவு வரை போய்த் திரும்பினாள். "டிசம்பர் கச்சேரியில அதை வாசிக்கப் போறேன். நீங்க கண்டிப்பா வரணும். முன் வரிசையில உக்காருங்க. பக்கம் திருப்ப வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சரி என்றேன். டிசம்பரில் போனேன், முன் வரிசையில் உட்கார்ந்தேன், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன்.